யிங் டீச்சரின் படிக்கட்டு

யிங் பெய்லான் டீச்சர் என் நூடுல்ஸ் கடை மாடியை வாடகைக்குக் கேட்டு வந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "சத்தம் போடுவீங்களா?" என்பதுதான்.

"நான் போடமாட்டேன். வர்றவங்க போடுவாங்க" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "சத்தமே வராது, ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார்கள். மறுநாள் கரோக்கே பெட்டியோடு வந்து இறங்குவார்கள். இந்தம்மா வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். சாவியைக் கொடுத்தேன்.

டாய்ஷான் தீவில் படகுத்துறைக்குப் போகும் சந்தில் என் கடை. மஞ்சள்மீனும் உப்புக் கீரையும் போட்ட நூடுல்ஸ், அது ஒன்றுதான் செய்வேன், அதை நன்றாகச் செய்வேன். டீச்சருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொள்வார் என்பது பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், எப்போதும் கையில் ஒரு டீ பிளாஸ்க். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் பெரிய தீவுப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. கப்பலில் அதிகாரி வேலைக்குப் பரீட்சை எழுதும் மாலுமிகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறேன் என்று என் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்ப் பெண்கள் வாயைச் சும்மா வைத்திருப்பார்களா? "இனிமேலாவது உண்டா டீச்சர்?" என்று கேட்பார்கள். "ரெண்டாவது படி. ஆனா கதவு இன்னும் சாத்தல" என்பார் டீச்சர்.

அந்தப் படிக் கணக்கு என் கடை மாடிப்படியில்தான் பிறந்தது. என்னைக் கேட்காமலே பிறந்தது.

ஒரு காலையில் நூடுல்ஸ் கூட்டம் கலைந்ததும், டீச்சர் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு படியில் குந்தி உட்கார்ந்திருந்தார். பத்துப் படி. கீழிருந்து ஒவ்வொன்றாக எண் போட்டு, பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதிக்கொண்டிருந்தார். தரையில் 'இம்பாஸிபிள்', நடக்கவே நடக்காது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 'அன்லைக்லி', நடப்பது அபூர்வம். ஐந்தில் 'பாஸிபிள்'. ஏழில் 'ப்ராபபிள்'. எட்டில் 'லைக்லி'. ஒன்பதில் 'ஹைலி லைக்லி', அநேகமாக நடந்தே தீரும். பத்தாவதில் 'சர்ட்டன்', சந்தேகமே இல்லை.

"என் படியக் கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினேன்.

"கப்பலோட பக்கத்துல தண்ணி எவ்வளவு ஆழம்னு கோடு போட்டு நம்பர் எழுதியிருப்பாங்க இல்ல ஆஜூ? இவங்களுக்கு அந்த மாதிரி எழுதினாத்தான் புரியும். புஸ்தகத்துல போட்டா தூங்கிடுவாங்க."

தேய்த்துக் கழுவச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த வகுப்பில் என் புருஷனும் ஒருவன்.

என் புருஷன் ஹைகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்து மூன்று வயது. சரக்குக் கப்பலில் சாதாரண மாலுமி. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் கரை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்றரை வருஷம்கூடத் தேறாது. மூன்றாம் அதிகாரி ஆகிவிட்டால் நான்கு மாதம் கடல், இரண்டு மாதம் கரை. எழுத்துப் பரீட்சை எல்லாவற்றிலும் தேறிவிட்டான். இங்கிலீஷ் வாய்மொழிப் பரீட்சையில் மட்டும் இரண்டு முறை தோற்றான். இந்தக் குளிர்காலத்துக்குள் தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், உன் வயசுக்கு இனிமேல் கிடைக்காது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த வருஷம் மறுபடி கப்பல் ஏறாமல் வகுப்புக்குப் போனான். என் மீதி வாழ்க்கை அந்தப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பெயின்டுக்காகச் சண்டை போடுவேனா?

அவன் தோற்ற காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பரீட்சை அதிகாரி கேட்டாராம்: "உங்கள் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, தண்ணீர் ஏறுகிறது. என்ன நடக்க வாய்ப்பு இருக்கிறது?" இவன் முதல் தடவை, "ஒன்றும் நடக்காது, எல்லாரும் பத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்தான். இரண்டாம் தடவை வாயையே திறக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. கப்பல் முழுகும் என்று வாயால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் அதே ஊர்க்காரிதானே? என் வாயிலும் அந்த வார்த்தை வராது.

எங்கள் பக்கத்தில் கெட்டது நடக்கும் என்று சொல்கிறவனுக்குக் காக்கா வாய் என்று பெயர். சொன்னால் கடலை ஆளும் கடல்ராஜா காதில் விழுந்து, அப்படியே நடந்துவிடும். தட்டில் மீனைத் திருப்பிப் போட்டுத் தின்னமாட்டோம், படகு கவிழ்ந்த மாதிரி ஆகிவிடும். படகு கிளம்பும் காலையில் நல்ல வார்த்தை தவிர வேறு எதுவும் பேசமாட்டோம். 'திரும்பி வருவியா' என்று ஒரு பெண்டாட்டியும் கேட்கமாட்டாள். கேட்டால், வராமலும் போகலாம் என்று அர்த்தம் ஆகிவிடும்.

இப்படிப்பட்ட பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு டீச்சர் வகுப்பை ஆரம்பித்தார்.

முதல் கொஞ்ச நாள் குதூகலமாகத்தான் போனது. அவர்களிடம் இருந்த ஒரே வார்த்தை 'மேபி'. எதைக் கேட்டாலும் மேபி. நாளைக்கு மழை வருமா? மேபி. உன் பெயர் என்ன? மேபி ஹைகன். டீச்சர் அந்த வார்த்தையைத் தடை செய்தார். சொன்னவன் கீழே வந்து என் கடையில் இருபது கிண்ணம் கழுவ வேண்டும். அந்த மாதம் நான் ஒரு கிண்ணம்கூடக் கழுவவில்லை.

பிறகு படியில் ஏறி நிற்கும் விளையாட்டு. டீச்சர் கேள்வி கேட்பார். அவரவர் பதிலுக்கான படியில் நின்று வார்த்தையைச் சொல்ல வேண்டும். "நாளைக்கு மழை வருமா?" ஏழிலும் எட்டிலும் இடித்துக்கொண்டு நிற்பார்கள். "ஆஜூ இன்னிக்கு இலவசமா நூடுல்ஸ் தருவாளா?" எல்லாரும் தடதடவென்று தரைக்கு இறங்கி, "இம்பாஸிபிள்!" என்று ஒரே குரலில் கத்துவார்கள்.

சனியன் பிடித்தது அடுத்த வாரம்.

"கப்பல் இருபது டிகிரி சாஞ்சிருக்கு. பம்பு வேலை செய்யல. கப்பல் முழுகுமா? எந்தப் படி?" என்று டீச்சர் கேட்டார்.

பன்னிரண்டு தடிமாடுகளும் அடித்துப் பிடித்துக்கொண்டு தரைக்கு ஓடிவந்தார்கள். என் சூப் அண்டா ஆடிப்போனது. ஒருவன் "து, து, து" என்று என் தரையிலேயே துப்பினான். வகுப்பிலேயே மூத்தவரான மாவோ அண்ணன், கெட்ட பேச்சு ஒட்டாமலிருக்க மரத்தைத் தொட வேண்டும் என்று தேடி, மேசையெல்லாம் பிளாஸ்டிக் என்பதால் என் மீன் வெட்டும் பலகையைத் தொட்டார்.

"இது கேள்விதானே? கப்பல் எங்க இருக்கு இங்க? நீங்க நிக்கிறது நூடுல்ஸ் கடையில!" டீச்சருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்றார் மாவோ அண்ணன். "அத மட்டும் வாயால சொல்லச் சொல்லாதீங்க. மீனத் திருப்பிப் போட்டதுக்கே எங்கப்பா என்னைப் பின்னிட்டாரு. இதச் சொன்னேன்னு தெரிஞ்சா சமாதியிலேர்ந்து எந்திரிச்சு வருவாரு."

"அப்ப பரீட்சையில என்ன சொல்வீங்க?"

 என் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியால் அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினேன்.

"யோவ், கடல்ராஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுய்யா! தைரியமாக் கத்துங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாவோ அண்ணன் தலையைச் சொறிந்தார். "அப்படிச் சொல்லிட முடியாதும்மா. எத்தனை காலமா வெள்ளைக்காரன் கப்பல் இந்தப் பக்கம் போகுது. இந்நேரம் கத்துக்கிட்டிருப்பாரு."

"கத்துக்கிட்டிருக்கட்டும். நீங்க பேசுற இங்கிலீஷ் அவருக்கு எந்தக் காலத்துல புரியப்போகுது?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவனாகப் படி ஏறினான். எட்டாவது படியில் நின்று என் புருஷன், கப்பல் அநேகமாக முழுகும் என்று முழு வாக்கியமாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இங்கிலீஷில் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். கடை அப்படியே இருந்தது.

அப்புறம் ஊரே அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. வாயால் சொல்லக்கூடாத எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரு பாஷை கிடைத்துவிட்டது. இங்கிலீஷ் வராதவர்கள் படி எண்ணைச் சொன்னார்கள். மீன் கடைக்காரியின் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "எப்படி இருக்காரு?" என்றால், எச்சில் துப்பாமல், அழாமல், "பொழைக்கிறதுக்கு நாலாவது படி" என்பாள். புரிந்துகொண்டு அவள் கையைப் பிடித்துக்கொள்வோம். முன்பெல்லாம் "நல்லாயிடுவாரு, நல்லாயிடுவாரு" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிடுவோம்.

எனக்கு ஒரே பெருமை, என்னால்தானே வந்தது என்று. டீச்சர் மட்டும் சந்தோஷமாக இல்லை. ஒருநாள் மதியம் நூடுல்ஸை வைத்துக்கொண்டு அளைந்துகொண்டிருந்தார்.

"அவங்க சொல்றாங்க ஆஜூ. ஆனா நெனைக்கல. கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி ஒப்பிக்கிறாங்க."

"பரீட்சைக்கு அது போதாதா?"

"பரீட்சைக்கு ஒருவேளை போதும். நடுக்கடல்ல யார் கேக்கப்போறா? கேப்டன். நம்ம ஊர் ஆளு, நம்ம பேச்சுல கேப்பாரு. 'என்னடா ஆகும்'னு. அப்ப கடல்ராஜாவுக்குப் பயந்து வாய மூடிக்கிட்டா?"

"சாப்பிடுங்க, ஆறுது" என்றேன். 

டீச்சரின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். டீச்சருக்குப் பதினான்கு வயதில். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம், அவரும் பேசியதில்லை. என் கடையிலிருந்து நூறு அடி தூரத்தில் இருக்கும் படகுத்துறைக்கு அவர் ஒருநாளும் போகமாட்டார். நிங்போ நகரத்துக்குப் போக வேண்டியிருந்தால்கூட, தீவைச் சுற்றிப் பஸ்ஸில் போய் மறுபக்கத்துத் துறையில் ஏறுவார்.

செப்டம்பர் கடைசியில் அந்தச் சம்பவம் நடந்தது.

கோடை மீன்பிடித் தடை முடிந்து படகுகள் நண்டுக்குக் கிளம்பும் நேரம். ஹைகனின் தம்பி ஆபிங் சொந்தப் படகு வைத்திருப்பவன். தடைக்காலம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, முதல் பயணத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தான். தெற்கே ஒரு புயல் உருவாகி இருந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அது ஜப்பான் பக்கம் வளையலாம், எங்கள் பக்கம் வரலாம், போன் திரையில் விசிறி மாதிரி விரித்துக் காட்டினார்கள். ஹைகன் இரண்டு நாள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். 

கிளம்பும் காலை. பட்டாசு கட்டித் தொங்கவிட்டிருந்தது. கடல்ராஜாவுக்குப் படையலாகத் தட்டில் பன்றித்தலை, மூன்று கோப்பையில் அரிசி மது. ஆபிங்கின் ஆட்கள் ஆறு பேரும் படகில் ஏறிவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் சிரித்த முகமாக, "வலை நெறைய! வலை நெறைய!" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆபிங் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"தம்பி, இரு" என்றான் ஹைகன்.

"என்னண்ணே?"

"புயல் நம்ம பக்கம் திரும்பினா நீ போற மீன்பிடி எல்லையிலேர்ந்து தப்பிச்சு வர நேரம் இருக்காது. திரும்பி வராமப் போறதுக்கு பத்துல மூணு."  "மூணாவது படி. நாலு நாள் பொறுத்துப் போ."

இங்கிலீஷில் இல்லை. எங்கள் பேச்சில், பன்றித்தலைக்கு முன்னால், எல்லார் காதிலும் விழும்படி.

 ஆபிங்கின் பெண்டாட்டி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு கிழவர் துப்பிவிட்டு, "காக்கா வாயா! சொந்தத் தம்பிக்கா இதச் சொல்ற?" என்று கையை ஓங்கினார். படகிலிருந்து இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நாலு பேரை வைத்துக்கொண்டு படகு போகாது. ஆபிங் பட்டாசுச் சரத்தைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தான்.

"உன் பரீட்சைக்கு நான்தான் கெடைச்சனா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனான்.

மற்றப் படகுகள் போயின. புயல் ஜப்பான் பக்கம் வளைந்து போய்விட்டது. எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை. ஆறாம் நாள் படகுகள் நண்டாகக் கொண்டுவந்து குவித்தன. ஆபிங்கின் படகு மட்டும் கட்டிய கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்தது.

என்ன கேலி, என்ன கேலி! கடைக்கு வருகிறவன் எல்லாம், "ஆஜூ, இந்த மீன் முள்ளு என் தொண்டையில குத்துமா? உன் புருஷனக் கேளு, எத்தனாவது படி?" என்பான். ஒருவன் வாசலில் நின்று "கா, கா" என்று கத்திவிட்டு ஓடினான். நான் கரண்டியோடு துரத்தினேன். ஆனால் உள்ளே வந்து நானும் புருஷனைத்தான் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், நானும் பேசினேன்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? நடக்கலையே! சும்மா இருந்திருந்தா அவன் இந்நேரம் நண்டு வித்துக்கிட்டிருப்பான். கூடப் பொறந்தவன் மூஞ்சியில முழிக்க முடியாம ஆக்கிட்டியே!"

அவன் எழுந்து போனான். வகுப்புக்குப் போவதை நிறுத்தினான். பின்கட்டில் உட்கார்ந்து எனக்கு மீன் செதில் உரித்துக்கொடுத்தான். நான்காம் நாள், "பழைய வேலைக்கே சொல்லிடறேன் ஆஜூ. பரீட்சை வேண்டாம்" என்றான். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் கரை.  என் வாயும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அன்று பதினோரு மணிக்கு, வகுப்பை அப்படியே விட்டுவிட்டு டீச்சர் இறங்கி வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய், மீன் கூடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ சொன்னது தப்பா?"

"நடக்கலையே டீச்சர்."

"பத்துல மூணுன்னா என்ன அர்த்தம்? ஏழு தடவை நடக்காது. இது அந்த ஏழுல ஒண்ணு. நீ நடக்கும்னு சொன்னியா?"

"இல்ல."

"நடக்காதுன்னு சொன்னியா?"

"இல்ல."

"பின்ன எப்படித் தப்பாகும்? முப்பது வருஷமா சொல்லிக்குடுக்கிறேன். அந்த வார்த்தைய அதுக்குண்டான எடையோட சொன்ன ஒரே ஆளு நீதான். அதுக்குப் போயி மீன் செதில் உரிச்சிட்டிருக்கியே!"

ஹைகன் கத்தியைக் கீழே வைத்தான். கடைக்குள் யாரும் நூடுல்ஸை உறிஞ்சவில்லை. எல்லாருக்கும் கேட்கட்டும் என்றோ, கேட்டால் கேட்கட்டும் என்றோ, டீச்சர் குரலைத் தணிக்காமலே பேசினார்.

"எங்கம்மா அன்னிக்கு விடியக்காலை ரேடியோ கேட்டாங்க. காத்து திரும்பலாம்னு சொன்னான். அம்மா அப்பாவோட சோத்து டப்பாவ மூடிக்கிட்டிருந்தாங்க. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கும் கேட்டுச்சு. கிளம்புற காலையில கெட்டது பேசக்கூடாதே! 'நல்லபடியாப் போயிட்டு வா'ன்னு டப்பாவக் கையில குடுத்தாங்க. நானும் அதையேதான் சொன்னேன்."

பிளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார்.

"ரேடியோக்காரன் சொன்னது பத்துல ரெண்டுதான் இருக்கும். கேட்டிருந்தாலும் அப்பா போயிருப்பாரோ என்னவோ. அப்படிப்பட்ட ஆளுதான். ஆனா தெரிஞ்சு போயிருப்பாரு. கூட ஒரு கயிறு எடுத்துக்கிட்டிருப்பாரு. இல்ல, இங்கேர்ந்தே கரையோரமாப் போயிருப்பாரு. எங்கம்மா சாகறவரைக்கும் அந்த ரெண்டாவது படியிலதான் உக்காந்திருந்தாங்க."

எழுந்தார். "வகுப்பு நடக்குது. வர்றியா, இல்லையா? மேபின்னு மட்டும் சொல்லிடாதே."

ஹைகன் கையைக் கழுவிக்கொண்டு அவர் பின்னால் படி ஏறினான். நான் முகத்தை அண்டா ஆவிக்குள் விட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன். கடையில் இருந்தவர்கள் கிண்ணத்தைத் தாங்களே எடுத்துவைத்துவிட்டுப் போனார்கள். "கா, கா" என்று கத்தியவனும் அதில் இருந்தான். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

நவம்பரில் நிங்போவில் பரீட்சை. அன்று காலை நான் மூன்று கிண்ணத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டேன். மதியம் போன் வந்தது.

"என்ன கேட்டாங்க?"

"இயந்திர அறையில தீ. அணைஞ்சிடுமான்னு கேட்டாங்க."

"நீ?"

"அநேகமா அணைஞ்சிடும், எட்டுப் பங்கு. அணையாமக் கப்பலையே விட்டுட்டு எறங்க வேண்டியும் வரலாம், ரெண்டு பங்கு. ரெண்டையும் கேப்டன்கிட்ட சொல்வேன்னேன்."

"கண்ணத் தொறந்துக்கிட்டா?"

"தொறந்துக்கிட்டுத்தான்" என்று சிரித்தான். "தேறிட்டேன் ஆஜூ."

மேலே ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல், "தெரியும்" என்றார். பிறகு சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்கள் பழக்கத்தில் அவர் கட்டிப்பிடித்தது அந்த ஒரு தடவைதான். உடம்பெல்லாம் சாக்பீஸ் தூள்.

இன்னொரு விஷயமும் நடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, என் கொழுந்தன் ஆபிங் கடைக்குள் வந்தான். இரண்டு மாதமாக இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவன். ஒரு கூடை நண்டைப் பலகைமேல் வைத்தான்.

"அண்ணி, அண்ணன் இருக்காரா?"

"பின்னாடி இருக்கான். நீ எதுக்கு நண்டு கொண்டாந்த?"

அவன் நேரே உள்ளே போனான். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். "அண்ணே, நாளைக்குக் கெளம்பறேன். வடக்கக் காத்து. எத்தனாவது படி?" என்று மெதுவாகக் கேட்டான். இருவரும் போன் திரைமேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அவன் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும், அண்ணன் கடலில் இருந்தால் போனிலாவது, கேட்கிறான். வெளியே யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் அவன் படகு ஆட்கள் தங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பின்வாசல் வழியாக வேறு சிலரும் வர ஆரம்பித்தார்கள்.

ஹைகன் மூன்றாம் அதிகாரியாகக் கிளம்பிய காலை நல்ல குளிர். முட்டை இரண்டு போட்டு நூடுல்ஸ் வைத்தேன். மீனைத் திருப்பாமல் தின்றான். பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு நடந்தோம். ஆபிங் வந்திருந்தான், மாவோ அண்ணன் வந்திருந்தார், பக்கத்துக் கடைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். "நல்ல காத்து! நல்ல காத்து!" என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

சந்து முடியும் இடத்தில், துறைக் கதவுக்குள் ஓர் அடி எடுத்து வைத்து, டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஹைகன் மட்டும் அந்தத் திசையில் தலை குனிந்துவிட்டு வந்தான்.

படகு ஊதியது. இருபது வருஷமாக இந்த இடத்தில் நான் சொல்வது ஒன்றுதான், "நல்லபடியாப் போயிட்டு வா." அன்றும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"திரும்பி வருவியா?" என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் அதிர்ந்துபோய் என் கையைக் கிள்ளினாள். யாரோ துப்பினார்கள். ஹைகன் என்னைப் பார்த்தான். 'இதென்ன கேள்வி, கண்டிப்பா வருவேன்' என்று சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்வான். இவன் யோசித்தான். கப்பலை, பாதையை, அந்தப் பருவத்துக் காற்றை, தன் வயதை, எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்க்கிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"ஒன்பதாவது படி" என்றான்.

ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, கடல்ராஜா கேட்கவா போகிறார்? பிறகு படகு நகர்ந்தது. அவன் கையசைத்தான், நானும் அசைத்தேன். டீச்சரும் நானும் சந்தில் திரும்பி நடந்தோம். "பத்து மணிக்கு வகுப்பு" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

வாளியில் தண்ணீர் எடுத்துப் படிக்கட்டைத் துடைக்க ஆரம்பித்தேன், வழக்கம்போல மேலிருந்து கீழே. பெயின்ட் உரியாமல் மெதுவாகத்தான் துடைப்பேன். ஒன்பதாவது படிக்கு வந்ததும் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமும் பயந்துகொண்டுதான் இருந்தேன், கரையும் தெரியாமல் ஆழமும் தெரியாமல். எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மேலே ஒரே ஒரு படிதான் மீதி இருந்தது.